"ஹூட்டை மாத்தச் சொல்லுறாங்கள், சேர்"



போன மாதம் ஒரு சனிக்கிழமை ரொறன்ரோவிலிருந்து ஒரு பழைய மாணவர் அழைத்தார். உயர்தரத்தில் என்னிடம் பௌதிகவியல் படித்தவர். பெயரைப் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருடைய வகுப்புக்காரர் யாராவது கண்டுபிடித்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவரிடம் 1996 ஆம் ஆண்டு மஸ்டா மியாட்டா ஒன்று இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய சின்னக் கார். துணிக் கூரையை மடித்துப் பின்னால் தள்ளிவிட்டு வெயில் காய்ந்துகொண்டு ஓடலாம். அந்தக் கூரையைத்தான் நாங்கள் ஹூட் என்கிறோம்.

"பின் கண்ணாடிக்குப் பக்கத்தில தையல் விட்டிட்டுது சேர். ஒரு சாண் நீளம். மழை பெய்தால் பக்கத்துச் சீற்றுக்குக் கீழ விரிப்பெல்லாம் நனையுது. கடையில காட்டினன். ஹூட்டை முழுசா மாத்தச் சொல்லுறாங்கள். கார் வாங்கின காசில பாதிக்கு மேல கேக்கிறாங்கள். சிநேகிதர் சிலிக்கனை அப்பிவிடு எண்டுறாங்கள். நீங்கள் மொரிஸ் வைச்சிருக்கிறியள். அதுதான் உங்களைக் கேக்கிறன்."

அரை மணித்தியாலம் கதைத்தோம். வைத்த பிறகுதான் சொல்லவேண்டியதில் பாதியைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. அதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கார் இல்லாதவர்களும் வாசிக்கலாம். சந்தியில் நிற்கிற ஓட்டோவின் ஹூட்டும் இதே சாமான்தான்.

என் அபிப்பிராயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். முழுதாக மாற்று என்ற கடைக்காரரும், சிலிக்கனை அப்பு என்ற சிநேகிதரும் எதிரெதிராகச் சொன்னதுபோல இருக்கிறது. இரண்டு பேரும் செய்தது ஒரே பிழை. தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. கிழிசல் கண்ணுக்குத் தெரிந்தது, விரிப்பு நனைந்திருந்தது, இரண்டையும் கோடு போட்டு இணைத்துவிட்டார்கள். பரீட்சையில் அப்படி எழுதினால் நான் புள்ளி போட்டிருக்கமாட்டேன்.

ஒரு ஹூட்டில் மூன்று விஷயம் இருக்கிறது: துணி, நூல், இழுவை. மூன்றும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு காரணத்தால் பழுதாகும்.

துணி பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று வைனில், எங்கள் ரெக்சினின் சொந்தக்காரன். மற்றது மேலே அக்ரிலிக் நெசவு, நடுவில் றப்பர், உள்ளே பருத்தி அல்லது பொலியெஸ்ரர் என்று மூன்று அடுக்காக வருவது. வைனிலுக்குள் அதை மெதுவாக வைத்திருக்கும் ஒரு பொருள் கலந்திருக்கும். வருடக்கணக்கில் வெயில் படப்பட அது வெளியேறிவிடும். துணி விறைக்கும், சுருங்கும், குளிரில் மடித்தால் வெடிக்கும். சுருங்கிய ஹூட்டை முன் கண்ணாடிச் சட்டத்தில் பூட்டும்போது இரண்டு கையாலும் இழுக்கவேண்டி வரும். அந்த இழுவை முழுக்கத் தையலில்தான் போய் விழும். ஆகவே தையல் விட்டிருந்தால், நூல் உக்கியதாலா, துணி சுருங்கியதாலா என்று முதலில் பாருங்கள். நல்ல வெயிலில் ஒரு மணித்தியாலம் காரை விட்டுவிட்டுக் கொளுவியைப் பூட்டிப்பாருங்கள். அப்போதும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தால் துணியின் காலம் முடிகிறது. சுலபமாகப் பூட்டினால் துணியைக் குறை சொல்லாதீர்கள்.

நூல் வெளியில் கிடக்கிறது. வெயிலின் கழியூதாக் கதிர் முதலில் தின்பது அதைத்தான். துணி இன்னும் பத்து வருடம் தாங்கும் நிலையில் இருக்க, நூல் விரலால் இழுத்தாலே அறும். முந்திய காலத்துப் பருத்தி நூலில் ஒரு நல்ல குணம் இருந்தது. நனைந்தால் ஊதி, ஊசி போட்ட ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும். ஆனால் உக்கிப்போகும். இப்போதைய பொலியெஸ்ரர் நூல் உக்காது, ஊதவும் செய்யாது. அதனால்தான் தைத்த பிறகு தையலுக்கு மேல் அதற்கென்று விற்கும் அடைப்புப் பூச்சைப் பூசவேண்டியிருக்கிறது. நூல் அறுந்த ஹூட்டை மாற்றச் சொல்வது, பொத்தான் விழுந்த சேட்டை எறியச் சொல்வது மாதிரி.

மூன்றாவது இழுவை. ஹூட்டுக்கு உள்ளே கம்பி வளைவுகள் இருக்கின்றன. பல கார்களில் அந்த வளைவுகளை அந்தந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது நாடாப் பட்டிகள். பட்டி தொய்ந்தால் வளைவு தன் இடத்தைவிட்டு நகரும், ஹூட் பள்ளம் விழும், மடிக்கும்போது துணி கம்பிக்கு நடுவில் அகப்பட்டுத் தேயும். ஓட்டை விழுந்த இடத்தில் ஒட்டுப் போடுவார்கள். அடுத்த வருடம் அதற்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை. பட்டி மாற்றுவது மிகச் சின்ன வேலை. அதைப் பார்க்கிறவர்தான் குறைவு. நானும் முப்பது வருடம் இழுவையைக் கரும்பலகையில் அம்புக்குறியாகக் கீறினேனே தவிர, ஒரு பிள்ளைக்கும் பட்டியையோ ஊசியையோ கையில் கொடுத்ததில்லை.

சரி, தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடிப்பது எப்படி? ஒருவர் ரோச் லைற்றோடு காருக்குள் இருக்கவேண்டும். மற்றவர் தண்ணீரை மெதுவாக விடவேண்டும். பீச்சி அடிக்கக்கூடாது. ஹூட்டின் கீழ் விளிம்பில் தொடங்கி மேலே போகவேண்டும், ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம். மேலே தொடங்கினால் தண்ணீர் வழிந்து எல்லா இடத்தையும் நனைத்துவிடும். பிறகு எதுவும் தெரியாது. கம்பி வழியே தண்ணீர் ஊர்ந்துபோய் ஒரு முழம் தள்ளித்தான் சொட்டும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதவுக் கண்ணாடிக்கு ஒரு துண்டுக் கடதாசி போதும். கடதாசியை நடுவில் வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு இழுங்கள். இறுகிப் பிடித்தால் றப்பர் சரி, வழுக்கி வந்தால் தண்ணீரும் அப்படித்தான் வரும்.

மாணவரிடம் நான் முதலில் செய்யச் சொன்னது இதுகூட இல்லை. அந்த மியாட்டாவில் சீற்றுகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒவ்வொரு வடிகால் துளை இருக்கிறது. ஹூட்டில் விழும் மழை பின்பக்க விளிம்பில் உள்ள ஒரு பீலியில் சேர்ந்து, அந்தத் துளைகளால் இறங்கி, பின் சில்லுக்கு முன்னால் காரின் அடியில் வெளியே போகும். அதாவது எல்லா மழையையும் வெளியிலேயே நிறுத்த அந்த ஹூட் செய்யப்படவில்லை. வாங்கி, வழிகாட்டி அனுப்பத்தான் செய்யப்பட்டது. எங்கள் ஓட்டு வீட்டுப் பீலி மாதிரி. "ஒவ்வொரு துளையிலும் ஒரு கோப்பை தண்ணீர் மெதுவாக விட்டுப்பாரும்" என்றேன்.

இடப்பக்கம் விட்ட தண்ணீர் அப்படியே நிலத்துக்கு வந்தது. வலப்பக்கம் விட்டது அங்கேயே நின்றது. புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் தடித்த நைலோன் நூலை விட்டுக் குடைந்தாராம். (இரும்புக் கம்பி விடாதீர்கள், உள்ளே இருக்கும் குழாயைக் குத்திவிடும்.) மேப்பிள் இலை உக்கிக் களியாகிப்போன ஒரு பிடி வந்தது. நனைந்த விரிப்பும் அந்த வலப்பக்கம்தான்.

கடைக்காரர் சொன்னபடி புது ஹூட் போட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? புது ஹூட் மழைநீரை ஒழுங்காகச் சேர்த்து அதே அடைபட்ட துளைக்குள் விட்டிருக்கும்.

இது வெறும் விரிப்பு நனைகிற கதை இல்லை. சாதாரணக் காருக்கு இரும்புக் கூரையும் பலம் கொடுக்கிறது. கூரை மடிக்கும் காரில் அந்தப் பங்கையும் தரையும் கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டிச் சட்டமும்தான் சுமக்கின்றன. மொரிஸ் மைனரில் கூரை மடிக்கும் வகைக்கு மட்டும் அடியில் மேலதிகமாக இரும்பு வைத்துப் பலப்படுத்தினார்கள். வடிகால் அடைபட்டுத் தண்ணீர் தேங்கினால் துருப்பிடிப்பது சரியாக அந்த இடம்தான். கனடாவில் பனிக்காலத்தில் வீதிக்குப் போடும் உப்பு வெளியிலிருந்து தின்னும், தேங்கிய தண்ணீர் உள்ளிருந்து தின்னும். ஹூட் பழுதானால் உடுப்பு நனையும். அடிச்சட்டம் உக்கினால் விபத்தில் ஆள் தப்பாது. வீட்டில் இப்படி ஒரு கார் இருந்தால் இன்றைக்கே இரண்டு கோப்பைத் தண்ணீர் விட்டுப்பாருங்கள்.

இனி என் மண்டைப்பிழை. 2010 இல் மொரிஸின் பின் தையலில் ஒழுக்கு வந்தது. கடையில் சிலிக்கன் தாராளமாகக் கிடைத்தது. ஒரு குழாயை வாங்கித் தையல் நீளத்துக்கும் பிதுக்கிவிட்டேன். வினாகிரி மணம் வந்தது. அது அசற்றிக்கமிலம், இரும்பை அரிக்கும் என்று பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஆள் நான். அந்த மாரிக்கு ஒழுகவில்லை, ஊரெல்லாம் பெருமை பேசினேன். அடுத்த மாரிக்கு ஓரம் எழும்பியது. சுரண்டிவிட்டு ஒழுங்கான பசை போடப் போனால் ஒன்றும் பிடிக்கவில்லை. சிலிக்கன் பட்ட இடத்தில் வேறு பசையும் ஒட்டாது, வர்ணமும் ஒட்டாது. குஷன் கடைக்காரர் பார்த்துவிட்டு, "சேர், இதில இனி ஒண்டும் ஒட்டாது. கத்திரிக்கோல் மட்டும்தான் போகும்" என்றார். நாலு விரல் அகலத்துக்கு நல்ல துணியை வெட்டி எறிந்து புதுத் துண்டு வைத்துத் தைத்தோம். உள்ளே கம்பியைப் பிடித்திருந்த ஆணிகளும் துருவேறியிருந்தன. சுப்பர் குளூவும் இதே இனம்தான். கண்ணாடி மாதிரி விறைத்து, மடிக்கும்போது பக்கத்துத் துணியையும் சேர்த்து வெடிக்கவைக்கும்.

யூரியூப் காணொளிகளில் எனக்குள்ள மனக்குறையும் இதுதான். நல்லவை பல இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் பலவற்றில் முதல் நிமிடமே ஆள் கையில் பசையோடு நிற்கிறார்.

தையலை நான் எங்கே பழகினேன் என்று சொல்லவேண்டும். 1958 மொரிஸை ஐயா வாங்கியது. அவருக்குப் பிறகு என் கைக்கு வந்தது. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் எடுத்துவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய காலம். 1995 இல் பின் சீற்றுக்கு மேலே தையல் விட்டிருந்தது. பள்ளிக்கூட விடுமுறைக்குப் பார்ப்போம், மாரிக்கு முதல் பார்ப்போம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வந்துவிட்டது. அந்த இரவைக் கண்டவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தை நோக்கி முழு யாழ்ப்பாணமும் நடந்தது, மழையும் பெய்தது. கார் ஓடவில்லை, சனத்தோடு சனமாக ஊர்ந்தது. பின் சீற்றில் அம்மாவும் அயல்வீட்டுப் பிள்ளைகள் இரண்டு பேரும். தையல் விட்ட இடம் சரியாக அம்மாவின் தலைக்கு மேல். அம்மா காருக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு இருந்தா. சாவகச்சேரி போய்ச் சேரும்வரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு காலம் ஞாபகம் இருந்திராது.

நாங்கள் தங்கிய பள்ளிக்கூடத்தில் அடுத்த வகுப்பறையில் ஒரு குஷன் தொழிலாளி குடும்பத்தோடு இருந்தார். அவரிடம் லொறித் தறப்பாள் துண்டும் சாக்குத் தைக்கும் ஊசிகளும் இருந்தன. மெழுகுதிரித் துண்டால் நூலை உரசி, ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி கோர்த்தார். நான் காருக்குள், அவர் வெளியே. ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிராகப் போகவேண்டும். இப்படித் தைத்தால் ஒரு பக்க நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். நான் புது ஓட்டை போட ஊசியைக் குத்தப் போனேன். கையைத் தட்டிவிட்டார். "பழைய ஓட்டையிலயே போங்கோ மாஸ்ரர். முத்திரை கிழிக்கிற மாதிரிக் கிழிஞ்சிடும்." ஓட்டைகள் நெருங்கினால் துணி அந்தக் கோட்டிலேயே கிழியும் என்பதை எந்தப் புத்தகமும் எனக்கு அவ்வளவு சுருக்கமாகச் சொன்னதில்லை.

மாணவருக்கும் அதையே சொன்னேன். மனைவி உள்ளே, இவர் வெளியே, வளைந்த ஊசி இரண்டு, வெயிலைத் தாங்குமென்று விற்கும் பொலியெஸ்ரர் நூல். ஒரு சாண் தையலுக்கு இரண்டரை மணித்தியாலம் எடுத்ததாம். ஒட்டுப் போடவேண்டிய சின்னக் கிழிசல் ஒன்றும் இருந்தது. ஒட்டுத் துண்டின் மூலைகளை வட்டமாக வெட்டவேண்டும், கூர் மூலைதான் முதலில் எழும்பும். கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு விரல் பெரிதாக இருக்கவேண்டும், உள்பக்கமாக வைக்கவேண்டும். வைனிலுக்கென்று உள்ள பசையை இரண்டு முகத்திலும் பூசி, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் வரும்வரை பொறுத்து அழுத்தவேண்டும். இந்தப் பொறுமையைத்தான் எல்லோரும் விடுகிறார்கள். ஒரு நாள் கழியும்வரை மடிக்கக்கூடாது. அவருடைய ஹூட்டின் பின் ஜன்னல் பிளாஸ்ரிக், சிப் வைத்தது. சிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகப் படுக்கவைக்காமல் ஹூட்டை மடித்தால் ஜன்னல் கோடு விழுந்து வெடிக்கும். அதை இதுவரை அவர் திறந்ததே இல்லையாம். தையல் ஏன் விட்டது என்பதில் அதற்கும் பங்கிருக்கும் என்று சந்தேகப்படுகிறேன்.

லண்டனில் இருக்கும் என் மருமகன் இதைக் கேட்டுவிட்டு, "மாமா, காசு குடுத்தால் முடியிற வேலைக்கு ஏன் ரெண்டு சனிக்கிழமையைச் செலவழிக்க வேணும்?" என்றார். நியாயமான கேள்வி. இரண்டு வேலை செய்கிற பிள்ளைக்குச் சனிக்கிழமைதான் விலை கூடியது. எல்லோரும் ஊசி எடுக்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. மெசினில் போட்டுத் தைக்கவேண்டிய நீளத் தையலைக் குஷன் கடைக்குத்தான் கொண்டுபோகவேண்டும். யாழ்ப்பாணத்தில் அந்தத் தொழில் இன்னும் இருப்பதற்கு ஓட்டோக்காரருக்கு நன்றி சொல்லவேண்டும், மொரிஸ்காரரை நம்பி யாரும் கடை வைத்திருக்க முடியாது. ஆனால் கடைக்குப் போகுமுன் எது பழுது என்று தெரிந்துகொண்டு போங்கள். தெரியாமல் போனால் அவர்கள் விற்பதைத்தான் வாங்கவேண்டி வரும். அவர்களையும் குறை சொல்லமுடியாது. நாலு தையலுக்கு வேலை செய்தால் வாடகை கட்டமுடியாது, புது ஹூட் போட்டால் பொறுப்பும் சொல்லலாம்.

மாற்றவேண்டிய நேரத்தில் மாற்றத்தான் வேண்டும். அந்தப் பிடிவாதமும் என்னிடம் இருந்தது. ஒட்டுக்கு மேல் ஒட்டுப் போட்டு, கடைசியில் துணி எது ஒட்டு எது என்று தெரியாமல் வந்தபிறகு, 2017 இல்தான் முழு ஹூட்டும் புதிதாகத் தைப்பித்தேன். நகத்தால் மடித்துப் பார்த்தால் துணி வெடிக்கிறதா, உள்ளிருந்து பார்த்தால் சல்லடை மாதிரி வெளிச்சப் புள்ளி தெரிகிறதா, அப்படியென்றால் ஊசியை வைத்துவிடுங்கள். நூல் பிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் புது ஹூட் போடுகிறவர்கள் பழையதை எறியாதீர்கள், அளவுக்கு அதுதான் வேண்டும். வெயில் நாளில் போடுங்கள், துணி இளகிக் கொடுக்கும். நடுக்கோட்டைச் சோக்கால் குறித்துவிட்டுத் தொடங்குங்கள். நாங்கள் குறிக்காமல் தொடங்கி, ஒரு பக்கம் முழுக்க ஆணியைக் கழற்றித் திரும்ப அடித்தோம்.

போன கிழமை ரொறன்ரோவிலிருந்து படம் வந்தது. தையல் நேர்கோட்டில் இல்லை, நடுவில் ஒரு வளைவு இருக்கிறது. மனைவியும் இவரும் அந்த இடத்தில் ஏதோ வாக்குவாதப்பட்டதாகச் சொன்னார். மழைக்கு விரிப்பு காய்ந்தே இருந்ததாம். காரை உயர்த்தி அடிச்சட்டத்தைத் தட்டிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பதில் இன்னும் வரவில்லை.

இங்கே ஐப்பசி கிட்டுகிறது. மொரிஸின் இடப்பக்கத் தையலில் இரண்டு இடத்தில் நூல் நரைத்திருக்கிறது. குஷன் கடைக்காரர் செவ்வாய்க்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்.